ஆப்பிரிக்காவை ஒரே சார்ட்டில் அடைக்க வேண்டாம், டீச்சர்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து 'ஆப்பிரிக்க மக்களின் பண்பாடும் பழக்கவழக்கமும்' என்று புராஜெக்ட் எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. செல்போனில் தேடினால் சிங்கம், முகமூடி, குதித்து ஆடும் மசாய் மக்கள், இதைத் தாண்டி எதுவும் வரமாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு, ஒருத்தி எழுதுகிறாள், மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதல் வேலையாகத் தலைப்பைச் சுருக்குங்கள். ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகளே 54. மொழிகள் ஏறத்தாழ 2000. நைஜீரியாவில் மட்டும் 500க்கு மேல். இதை ஒரு சார்ட்டில் அடைக்கப் பார்த்தால் 'ஆப்பிரிக்கர்கள் குடிசையில் வாழ்கிறார்கள், கிழங்கு உண்கிறார்கள்' என்றுதான் வந்து நிற்கும்.

நானும் அப்படி ஒரு சார்ட்டைத் தொங்கவிட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. கண்காட்சிக்கு வந்த ஒரு பையனின் அப்பா, லாகோஸில் ஃபிட்டராக ஏழு வருஷம் இருந்தவர், குடிசைப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், நான் அங்கே மாடிக் கட்டடத்துல லிப்ட் பழுது பார்த்துக்கிட்டு இருந்தேன். குடிசை இந்த ஊர்லதான் எனக்கு" என்றார். அன்று இரவே சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

ஆகவே கண்டம் வேண்டாம், ஓர் ஊரை எடுங்கள். டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது மாலி நாட்டில் இருக்கும் நைஜர் ஆற்றின் உள்நாட்டு டெல்டா. நம் பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்கும் கேள்வி வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தோன்றாது. தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் அல்லவா!

நைஜர் ஏறக்குறைய 4180 கிலோமீட்டர் ஓடுகிறது. நம் காவிரி 800தான். நைஜர் கினி நாட்டு மலையில், கடலிலிருந்து 240 கிலோமீட்டர் தூரத்தில் பிறக்கிறது. பிறந்தவுடன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சகாராவை நோக்கிப் போகிறது. வழியில் மாலியில் பல கிளைகளாகப் பிரிந்து பரந்து, மறுபடி ஒன்றுகூடி, திம்புக்து பக்கம் வளைந்து, கடைசியில் நைஜீரியா வழியாகக் கடலில் விழுகிறது. கினி மலையில் மழை கொட்டுவது ஜூலை, ஆகஸ்டில். அந்த வெள்ளம் மாலியின் டெல்டாவில் ததும்பி நிற்பது அக்டோபர், நவம்பரில். குடகில் மழை, மன்னார்குடியில் வெயில், வாய்க்காலில் மட்டும் தண்ணீர் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? மேட்டூரை ஜூன் 12 திறப்பார்களா என்று வீட்டில் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள். இந்த ஓர் ஒற்றுமையைக் காட்டிவிட்டால் மீதிக் கேள்விகளை அவர்களே கேட்பார்கள். அங்கே எப்போது நாற்று விடுவார்கள்? ஆடிப்பெருக்கு மாதிரி ஏதாவது உண்டா? மாடுகளை எங்கே ஓட்டுவார்கள்?

மாட்டுக் கேள்விக்கு அருமையான பதில் இருக்கிறது. வெள்ளம் வடிந்து புல் முளைக்கும்போது ஃபுலானி மேய்ப்பர்கள் மந்தைகளோடு ஆற்றைக் கடந்து திரும்புவார்கள். அதுவே ஊர்த்திருவிழா. 'யாரால்', 'டெகால்' என்ற பெயர்களில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008 முதல் இருக்கிறது. மாட்டுப் பொங்கல் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெல்லுக்கும் கதை உண்டு. நாம் விளைவிக்கும் நெல் வேறு இனம். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் தங்கள் காட்டுநெல்லிலிருந்து தனியாக ஓர் இனத்தை வளர்த்தெடுத்தார்கள், சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன். நெல் என்றாலே ஆசியா என்று நினைத்துக்கொண்டிருக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு அது நல்ல அடி!

ஆனால் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது அதே டெல்டாவில் இருக்கும் ஜென்னே ஊர் பள்ளிவாசலில். இப்போது நிற்கும் கட்டடம் 1907இல் கட்டியது, முழுக்க மண். ஆண்டுதோறும் ஊரே கூடிப் பூச்சுப் பூசுகிறது. ஆற்று மண்ணைக் குழியில் ஊறவைத்து, உமி கலந்து, பையன்கள் மிதித்துக் குழைக்க, பெண்கள் தண்ணீர் சுமக்க, கொத்தனார்கள் சுவரில் ஏறிப் பூசுகிறார்கள். சுவரிலிருந்து கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள்தான் அவர்களுக்கு ஏணிப்படி. அவை பனைமரக் கட்டைகள், நம் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனை. ஓட்டு வீட்டுப் பனங்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அப்பாயியிடம் அனுப்புங்கள்: "மண் சுவர் வெச்சப்ப என்னென்ன கலந்தீங்க? யார் மிதிச்சா?" இந்தப் பேட்டிதான் ஆராய்ச்சியின் முதல் பாதி. வீட்டுக் கேள்வி முதலில், வெளியூர்க் கேள்வி பிறகு. வரிசை மாறினால் 'அவர்கள் விநோதமானவர்கள்' என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

தேடுவதில் ஒரு நுணுக்கம். கண்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் சிங்கம் வரும், ஊரின் பெயரைப் போட்டால் மனிதர்கள் வருவார்கள். ஜென்னே, மோப்தி (அதே டெல்டாவில் இன்னோர் ஊர்), ஃபுலானி என்ற பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்களே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். படம் கிடைத்தால் எந்த ஆண்டு எடுத்தது என்று குறித்துக்கொள்ளட்டும். 1950இல் எடுத்த படத்தை வைத்து 'இன்றும் இப்படித்தான்' என்று எழுதுவது நாம் அடிக்கடி செய்யும் பிழை. ஹைடெக் லேப் இருந்தால் வாரம் ஒரு பீரியட் போதும், வீட்டு செல்போனை நம்பி உட்கார வேண்டாம்.

ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வேலை இல்லாததுதான். தண்ணீர், நெல், மாடு, மண் வீடு, விளையாட்டு, பெயர் வைப்பது என்று ஆறு கேள்விகளை ஆறு பேருக்குக் கொடுங்கள். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் நோட்டை அப்படியே மாற்றிவிடுங்கள். தண்ணீர் எழுதியவள் மாட்டு நோட்டை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு செய்தியும் வேறோர் இடத்திலும் கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். கிடைக்காததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதென்றால் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகம் உங்களுக்குத் தெரியாததா!

விளையாட்டுக் கேள்வி வாங்கிய பிள்ளையை மாலியைத் தாண்டி கானாவுக்கு விடலாம். அங்கே ஒவாரே என்று ஓர் ஆட்டம், பார்த்த மாத்திரத்தில் பல்லாங்குழி என்பீர்கள். நம்முடையதில் 14 குழி, அதில் 12. குழிக்கு நான்காக 48 விதை. முப்பது முட்டை அட்டையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு என்று வெட்டினால் பலகை தயார். விதைக்குப் புளியங்கொட்டை போதும் (புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான், அதையும் ஒரு மூலையில் எழுதிவிடுங்கள்). ஒவாரேக்கு அவர்கள் எடுக்கும் விதை நம் கடலோர வேலிகளில் முள்ளோடு படர்ந்து கிடக்கும் கழற்சிக்காய். வேதாரண்யம் பக்கம் உறவுக்காரர் இருந்தால் ஒரு பை வரவழைக்கலாம்.

ஆடிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். பல்லாங்குழியில் கை ஓய்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து ஆடுவோம். ஒவாரேயில் ஒரு முறை போட்டால் நிறுத்த வேண்டும். கடைசி விதை எதிராளி குழியில் விழுந்து அங்கே இரண்டோ மூன்றோ ஆனால் அதை அள்ளலாம். நமக்கு நான்கு சேர்ந்தால் 'பசு'. 25 விதை சேர்த்தவர் ஜெயித்தார். எதிராளியிடம் விதையே இல்லாவிட்டால், முடிகிற வரை அவர் பக்கம் போகும்படிதான் நீங்கள் ஆட வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண் இதைக் கேட்டதும், "அப்ப சும்மா குடுத்துடணுமா சார்?" என்றாள். அரை மணி நேரம் விவாதம். நம் ஆட்டத்தில் தோற்றவர் குழி குறைத்து அடுத்த ஆட்டம் ஆடுவதை எடுத்துவந்து அவளே ஒப்பிட்டாள். நான் பாடம் எடுத்திருந்தால் அது வந்திருக்காது.

பெயர்க் கேள்விக்கு கானாவின் அக்கான் மக்கள் போதும். பிறந்த கிழமையை வைத்துப் பெயர். வெள்ளிக்கிழமை ஆண்பிள்ளை கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே, சனிக்கிழமைப் பெண் ஆமா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர். வகுப்பில் எல்லோரும் தம் பிறந்த கிழமையைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள், அன்றைக்கு வேறு பாடம் நடக்காது. கும்பகோணம் பக்கத்துப் பள்ளி என்றால் எத்தியோப்பியாவில் விருந்தினர் எதிரிலேயே கொட்டையை வறுத்து மூன்று சுற்று காபி கொடுக்கும் வழக்கத்தைச் சொல்லியிருப்பேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கண்காட்சியன்று பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, இலை கட்டி 'ஆப்பிரிக்க நடனம்' ஆட விடாதீர்கள். தலைமையாசிரியரே கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். அது பண்பாடு இல்லை, கேலி. கறுப்பு நிறப் பிள்ளையை வகுப்பில் என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். எழுதிய வரி ஒவ்வொன்றிலும் 'ஜென்னே மக்கள்' என்று வரும் இடத்தில் 'நம்ம ஊர்க்காரர்கள்' என்று மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்க வைத்தால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

கடைசி வாரம் சார்ட்டுக்குப் பதில் மேசை போடுங்கள். ஒரு பக்கம் முட்டை அட்டைப் பலகை, இன்னொரு பக்கம் பாட்டியின் பல்லாங்குழி, நடுவில் ஆற்றின் படம். சுவரில் அப்பாயியின் பேட்டி ஒரு தாள், கேள்விக்குறி போட்ட செய்திகள் ஒரு தாள். அந்த இரண்டாவது தாளை மறைக்க வேண்டாம், மதிப்பெண் போடும்போதும் அதற்கென்று கொஞ்சம் ஒதுக்குங்கள்.