எச்ஐவி எண்ணிக்கை குறைந்தால் தொற்றும் குறைந்ததா?

கேள்வி: தாதியாக இருந்துகொண்டே பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். சிங்கப்பூரின் எச்ஐவி கண்காணிப்பு எவ்வளவு தரமானது என்று மதிப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். புதிய தொற்றுகள் குறைந்துவருவதாகச் செய்தியில் பார்த்தேன். அந்த எண்ணை நம்பலாமா? எங்கே ஆரம்பிப்பது?
- செங்காங் வாசகி

பதில்: முதலில் 'புதிய தொற்றுகள்' என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சு வெளியிட்டது புதிதாகக் கண்டறியப்பட்டுப் பதிவானவர்களின் எண்ணிக்கை: 2019இல் 323, 2020இல் 261, 2021இல் 250, 2022இல் 202. 2022 கணக்கில் இருப்பவருக்கு எட்டு வருடம் முன்பே கிருமி தொற்றியிருக்கலாம். கொவிட் காலத்தில் மருந்தகப் பக்கமே போகாதவர்கள் எத்தனை பேர்! எத்தனை பரிசோதனைகள் நடந்தன என்பதைப் பக்கத்தில் வைக்காமல் சரிவைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

அப்புறம், முற்றிய நிலையில் கண்டறியப்படுவோரின் விகிதம். இங்கே அது வெகுகாலமாகவே ஏறக்குறைய பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. மொத்த எண்ணிக்கை இறங்கும்போது இந்த விகிதம் ஏறினால், ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்கள் நம் கண்ணில் படவில்லை என்று சந்தேகப்படலாம்.

எச்ஐவி உள்ளவர்களைப் பதிந்துவைக்கும் பதிவேடு எவ்வளவு முழுமையானது? குளத்து மீனை எண்ணும் பழைய உத்திதான். பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை வீசி, அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள். நமக்குக் குளத்துக்குப் பதில் இரண்டு பட்டியல். ஒரு கற்பனைக் கணக்கு: பதிவேட்டில் 180 பேர், வேறொரு பட்டியலில் 150 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 135 பேர். 180ஐ 150ஆல் பெருக்கி 135ஆல் வகுத்தால் 200. இதுதான் உண்மையில் இருப்போரின் மொத்த எண்ணிக்கைக்கான மதிப்பீடு. ஆக, பதிவேடு பிடித்தது 90 விழுக்காடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999இல் தன் மாநிலங்களுக்கு வைத்த அளவுகோல் குறைந்தது 85 விழுக்காடு.

மாணவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்துதான் பதிவேட்டுக்கே தகவல் போகிறது என்றால், அந்தக் கூடத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு என்ன பயன்? பொதுவானவர்கள் கூடிவிடுவார்கள், பதிவேடு இருப்பதைவிட அழகாகத் தெரியும். காசநோய்ப் பதிவு, இறப்புப் பதிவு போல வேறு வழியாக வருவதைத் தேடுங்கள்.

அறிவிக்க எத்தனை நாள் ஆகிறது என்பதை ஓர் அட்டவணையில் முடித்துவிடலாம். அதே 1999 அமெரிக்க அளவுகோலில், கண்டறிந்த 6 மாதத்துக்குள் 66 விழுக்காடாவது பதிவாக வேண்டும் என்று இருந்தது. சின்னத் தீவான நமக்கு அது ரொம்பத் தளர்வு. அடையாள அட்டை எண் இருப்பதால் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகும் தொல்லையும் இங்கே குறைவு.

யாரெல்லாம் கணக்கில் வருகிறார்கள் என்பதற்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் வரும் எண்ணிக்கை குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி இருப்பது தெரியவரும் வெளிநாட்டு ஊழியர் அதில் இல்லை. நம் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த அனுமதியில் இருக்கிறார்கள், அதனால் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும் விஷயம்.

தொற்றிய வழி பற்றிய தகவலை ஐயத்தோடு படியுங்கள். ஆண்களுக்கு இடையிலான உறவு 2023 ஜனவரி வரை தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவின்கீழ் குற்றம். அந்த நிலையில் "எப்படி வந்தது?" என்று கேட்டால் எத்தனை பேர் உள்ளதைச் சொல்லியிருப்பார்கள்? பதிவாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் ஆண்கள். அதில் பெண்ணிடமிருந்து தொற்றியதாகச் சொல்லும் ஆண்களின் எண்ணிக்கையைப் பெண் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டில் தொற்றியவர்களும் இருப்பதால் இடைவெளி முழுவதையும் மறைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, நம்பிக்கை. பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் கசிந்தது 2019 ஜனவரியில் வெளியே தெரிந்தது. அதன்பின் பெயர் சொல்லாமல் பரிசோதிக்கும் இடங்களுக்கு வருவோர் கூடினார்களா, குறைந்தார்களா என்று பாருங்கள். உங்கள் ஆய்வுக்குத் தரவு கேட்கும்போதும் பெயர், அடையாள எண் எதுவும் வேண்டாம். வயதுப் பிரிவும் காலாண்டும் போதும். அட்டவணையில் ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களில் எண்ணை மறைத்தே தரச் சொல்லுங்கள்.