தயக்கம் மட்டும் போதாது

அழகர்கோவிலில் கடலையை ஒரு கையில் மறைத்து நீட்டியபோது குரங்கு இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது, ‘தனக்குத் தெரியலைன்னு அதுக்குத் தெரியுமாப்பா?’ என்று மகள் கேட்டாள் என எழுதியிருக்கிறீர்கள். அருமையான கேள்வி! ஆனால் குரங்கு பயத்தில்கூடத் தயங்கியிருக்கலாம்; அந்தத் தயக்கத்தை மட்டும் வைத்து, தனக்குத் தெரியவில்லை என்று அதற்குத் தெரியும் எனச் சொல்லிவிட முடியாது.

மகளுக்குப் பதிலாக, ஜப்பானிய மூளை ஆய்வாளர் மியாமோட்டோ குழுவின் 2017 ஆய்வைச் சொல்லுங்கள். அழகர்மலைக் குரங்கின் உறவான மக்காக் குரங்குகள்தான் அதிலும். படத்தை முன்பே பார்த்ததா இல்லையா என்று குரங்கு பதில் சொல்லும். அப்புறம் அந்தப் பதில் மேலேயே பந்தயம் கட்டும். பெரிய பந்தயம் கட்டிப் பதில் தப்பானால் பரிசே கிடையாது. சின்னதென்றால் எப்படியும் கொஞ்சம் கிடைக்கும். முன்மூளையின் மேற்புறத்தில் ஓரிடத்தை மருந்தால் மரக்கச் செய்தார்கள். நினைவு கெடவில்லை, பந்தயம்தான் தடுமாறியது. நினைவுக்கும் அதை எடைபோடுவதற்கும் மூளையில் தனித்தனி வேலை நடக்கிறது, அதுவும் குரங்கிலேயே.