“இன்சூரன்ஸ்தானே கொடுக்கப்போகிறது?” – விபத்துக் கார் ரிப்பேர் பில், கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருடம் எஸ்டிமேட் எழுதியவன் நான். விபத்துக் கார் ரிப்பேர் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் முக்கால்வாசி பார்ட்ஸ் விலை பற்றித்தான்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, முன்னால் போன வேன் திடீரென்று நின்றதில் இடித்துவிட்டேன் சார். மூன்றரை வருடக் கார். பில் 24,000. இன்சூரன்ஸ் இருந்தும் என்னிடம் 7,500 கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தேன். கணக்கு சரிதான். பம்பர் 9,000. பிளாஸ்டிக், ரப்பர் பொருளுக்குக் கார் புதிதாக இருந்தாலும் பாதி விலையைத் தேய்மானம் என்று இன்சூரன்ஸில் கழிப்பார்கள். அதில் உங்கள் பங்கு 4,500. ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேல் உள்ள தகரம், 4,000. தகரத்துக்குக் காரின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். மூன்று வருடம் தாண்டி நாலு வருடத்துக்குள் என்றால் 25 சதவீதம், அது 1,000. பெயிண்டிங் 8,000 என்று மொத்தமாகப் போட்டிருப்பதால் அதில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அது ஒரு 1,000. கூலி 3,000 முழுதும் கிடைக்கும். கடைசியாகக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் கட்டியே ஆக வேண்டிய தொகை: 1,500 சிசி வரை 1,000, அதற்கு மேல் 2,000. உங்களுடையது சின்ன இன்ஜின், அதனால் 1,000. கூட்டினால் 7,500.

இப்போது ஒன்று யோசியுங்கள். அதே பம்பரை 11,000 என்று எழுதியிருந்தால், கூடின 2,000-த்தில் 1,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். “இன்சூரன்ஸ்தானே கொடுக்கப்போகிறது, விடுங்க சார்” என்று கவுண்டரில் சொல்லும்போது இதை யாரும் சொல்வதில்லை. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது.

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா: என் பாலிசி ஜீரோ டெப், தேய்மானமே கழிக்காத வகை. அப்படியானால் அவர்கள் என்ன விலை போட்டால் எனக்கென்ன?

அம்மா, உங்கள் கார் எட்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எனக்குக் கவலை. ரிப்பேர் செலவு காரின் ஐடிவி-யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’, ரிப்பேருக்கு லாயக்கில்லை என்று முடித்துவிடுவார்கள். பழைய காருக்கு ஐடிவி குறைவு. எஸ்டிமேட்டை ஊதிக்கொண்டே போனால், ஓடக்கூடிய கார் காயலான் கடைக்குப் போகும். அப்புறம், கிளிப், நட்டு, போல்ட், கூலன்ட் எல்லாம் ஜீரோ டெப்பில் வராது. அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டித் தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: சரியான விலை எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?

பார்ட் நம்பரைக் கேள் தம்பி. ‘முன் பம்பர் – 1’ என்று எழுதினால் அது எஸ்டிமேட்டே இல்லை. நம்பர் கையில் இருந்தால் அந்தக் கம்பெனியின் வேறு டீலரிடம் போனில் கேட்டாலே விலை தெரிந்துவிடும். பொருள் வந்ததும் பிரிக்கும் முன் அட்டைப்பெட்டியைப் பார். எம்ஆர்பி, தயாரித்த மாதம் அச்சிட்டிருக்கும். என் சொந்தக் காருக்கே வேறொரு ஊரில் இது நடந்தது. பெட்டியில் விலை இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், அடியில் 640 ரூபாய் குறைவாக அச்சாகியிருந்தது. ஒன்றும் பேசாமல் பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள். கேட்காமல் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ என்று அன்றைக்கு வயிறு எரிந்தது.

ஆற்காட்டிலிருந்து: ஹெட்லைட்டைக் காரோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. முழு செட்டும் மாற்றணும் என்கிறார்கள்.

சில மாடலுக்குக் காது மட்டும் ரிப்பேர் கிட்டாகக் கிடைக்கும், முதலில் அதைக் கேளுங்கள். கண்ணாடி கீறாமல், உள்ளே தண்ணீர் இறங்காமல் இருந்தால் முழு ஹெட்லைட் தேவையில்லை. இன்னொன்று: கழற்றும்போது அவசரத்தில் காது உடைவதும் உண்டு. வண்டியை விடும்போதே நாலு பக்கமும், விளக்குகளைக் கிட்டத்திலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொரப்பாடியிலிருந்து: இன்சூரன்ஸ் அனுப்பிய சர்வேயர், சேதத்தை மதிப்பிடுபவர், 9,000 ஒப்புக்கொண்டார். ரிப்பேர் செய்த கடையில் பில் 11,000. வித்தியாசத்தை என்னைக் கட்டச் சொல்கிறார்கள்.

உடனே கட்டாதீர்கள். சர்வேயர் கழித்தது தேய்மானமா, விலையா என்று பாருங்கள். தேய்மானம் என்றால் அது உங்களுடையது. விலையைக் குறைத்திருந்தால் அது கடைக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவில் பேச வேண்டிய விஷயம். இன்சூரன்ஸே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் ஒப்பந்தம் உள்ள கடை என்றால் இருவரையும் ஒரே மெயிலில் சேர்த்து, சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கடை எம்ஆர்பிக்கு மேல் வாங்கியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஆம்பூரிலிருந்து: எங்கள் தெரு மெக்கானிக்கிடம் செய்தால் கிளைம் கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் நீங்கள் பணம் கட்டி, பிறகு வாங்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது. பார்ட்ஸுக்கு முறையான பில் வேண்டும்.

வாலாஜாவிலிருந்து: நிஜமாகவே மாற்றினார்களா என்று எப்படித் தெரியும்?

பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாமல் போகலாம், சால்வேஜ் என்று இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளும். பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. அப்புறம் பானட்டைத் திறந்து, மாற்றியதாகச் சொல்லும் ஃபெண்டரின் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். உரியாமல் பழைய தூசியோடு இருந்தால், பணம் கட்டும் முன் அங்கேயே நின்று கேளுங்கள்.