இரண்டு போர்ட்டல், ஒரே வாசல்: ஏன்?

கேள்வி: மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா எடிஷனில் எக்ஸ் 800, இசட் 400-இல் ஒரு வீடு; எக்ஸ் 880, இசட் 400-இல் இன்னொன்று. இரண்டிலும் நெதர் என்ற நெருப்பு உலகுக்குப் போகும் வாசலான நெதர் போர்ட்டல் வைத்தேன். இரண்டாவதில் நுழைந்து திரும்பினால் முதல் வீட்டுக்கே வருகிறேன். ஏன்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: போர்ட்டல்களுக்குள் நிரந்தர ஜோடி கிடையாது. சாதாரண உலகிலிருந்து நுழையும்போதெல்லாம் எக்ஸ், இசட் இரண்டையும் 8-ஆல் வகுத்து, நெதரில் அந்த இடத்தைச் சுற்றி 16 பிளாக்குக்குள் ஏற்கெனவே போர்ட்டல் இருக்கிறதா என்று கேம் தேடும். உங்களுடையவை நெதரில் எக்ஸ் 100, இசட் 50; எக்ஸ் 110, இசட் 50. இடைவெளி பத்தே பிளாக்! பழையது சிக்கிவிடுவதால் புதிது முளைப்பதில்லை; திரும்பும்போது அந்தப் பழையதற்கு நேரான முதல் வீட்டுக்கே வருகிறீர்கள்.

தீர்வு எளிது. நெதரில் எஃப்3 (நிற்கும் இடத்தின் எண்களைக் காட்டும் விசை) அழுத்தி எக்ஸ் 110, இசட் 50-ஐக் கண்டுபிடித்து, அங்கே நீங்களே ஒரு போர்ட்டல் கட்டிப் பற்றவையுங்கள். நான்கு அகலம், ஐந்து உயரச் சட்டத்துக்கு, மூலைகளை விட்டுவிட்டால் 10 அப்சிடியன் (கறுப்புக் கல்) போதும். உயரத்தை, அதாவது ஒய்-ஐ, வகுக்கக் கூடாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மிக அருகிலுள்ள போர்ட்டலைத் தேர்வதில் உயரமும் கணக்கில் வரும். ஆகவே முடிந்தவரை வீட்டு போர்ட்டலின் ஒய்-யிலேயே கட்டுங்கள்.

கட்டும்போது காஸ்ட் என்ற பறக்கும் அரக்கன் சுடும் தீப்பந்து பட்டால் ஊதாத் திரை அணைந்துவிடும். அப்சிடியனுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி பற்றவைக்கச் சக்கிமுக்கியைக் கையிலேயே வைத்திருங்கள்.