பட்டாலியன் மருத்துவர் பின்னால் பாதுகாப்பாகத்தான் இருப்பாரா?

போர்க்காலத்தில் காலாட்படையோடு செல்லும் மருத்துவர் பாதுகாப்பாகப் பின்னால்தானே இருப்பார், எம்.பி.பி.எஸ். முடித்தவர் அங்கே போவது படிப்பை வீணாக்குவதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ராணுவ மருத்துவப் படையில் குறுகியகாலப் பணிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறீர்கள், வீட்டில் தடுக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். 1999இல் கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் ஒரு காலாட்படைப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தவன் என்பதால், இந்தக் கேள்வியை என்னால் கடந்து போக முடியவில்லை.

ஒரு பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர்; அத்தனை பேருக்கும் ஒரே மருத்துவர். அறுவை சிகிச்சை நிபுணர்கள் கீழே கள மருத்துவமனையிலும் ஸ்ரீநகரின் தள மருத்துவமனையிலும் இருப்பார்கள்; காயம்பட்டவனை அவர்கள் கையில் உயிரோடு ஒப்படைப்பதுதான் நம் பணி. திராஸ் ஊரே 10,000 அடிக்கு மேல், அருகிலுள்ள டைகர் ஹில் சிகரம் 16,500 அடிக்கு மேல். அந்த உயரத்துக்குப் படிப்படியாக உடலைப் பழக்க இரண்டு வாரமாவது வேண்டும். அவ்வளவு அவகாசம் எங்களுக்குக் கிடைக்காததால், குண்டே படாமல் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறியவர்களையும் கீழே இறக்கினோம்.

போரில்லாத நாளில் தினமும் காலையில் சிக் ரிப்போர்ட், அதாவது உடம்புக்கு முடியாமல் வரும் சிப்பாய்களைப் பார்ப்போம்; யார் பணிக்குத் தகுதி, யாருக்கு ஓய்வு என்று முடிவு செய்வது மருத்துவர்தான். தாக்குதலுக்கு மூன்று நாள் முன்பு ஒரு சிப்பாய் குதிகாலில் கொப்புளத்தோடு வந்தான். பிளாஸ்திரி ஒட்டி, தகுதி என்று எழுதி அனுப்பினேன். தாக்குதல் நடந்த இரவில், பாறை மறைவில் இருந்த எங்கள் முதலுதவி நிலைக்கு ஒருவனைத் தூக்கி வந்தார்கள். பீரங்கிக் குண்டின் சிதறல் தொடையைக் கிழித்திருந்தது. வெளிச்சம் தெரிந்தால் எதிரி சுடுவான் என்பதால் நர்சிங் அசிஸ்டென்ட் கம்பளியைப் போர்த்தி அதற்குள் டார்ச் பிடித்தார். உறையாமலிருக்க மாலையிலிருந்தே என் கோட்டுக்குள் உடம்போடு அணைத்து வைத்திருந்த சலைன் பாட்டிலை எடுத்து, விறைத்துப்போன விரல்களால் மூன்றாம் முயற்சியில்தான் இரத்தக் குழாயில் ஊசியை ஏற்ற முடிந்தது. பாதத்தில் இரத்த ஓட்டம் பார்க்க பூட்ஸை வெட்டியபோது, குதிகாலில் நான் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அதுவரை முகத்தை நான் பார்க்கவே இல்லை.

கொப்புளத்துக்கும் குண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பார்கள். தொடர்பில்லை என்பது எனக்கும் தெரியும். கொப்புளத்துக்காக ஒருவனை நிறுத்தியிருந்தால் அவனிடத்தில் இன்னொருவன் ஏறியிருப்பான். ஆனாலும் அந்தக் கையெழுத்து என்னுடையது. முறை மாற்றி மாற்றித் தூக்கி, விடியும்போது அவனைக் கீழே சேர்த்தார்கள். அவன் காலைத் துண்டிக்க வேண்டியதாயிற்று, உயிர் தப்பினான்.

படிப்பு வீணா என்றீர்களே, பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பி ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கேட்டபோது, அந்த ஐந்தாண்டுகளை மருத்துவ அனுபவமாகக் கணக்கில் கொள்ள இயலாது என்றார்கள். இன்றுவரை அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கற்ற மருத்துவத்தில் பாதி அந்தப் பாறை மறைவில் கற்றது.

வீட்டாரிடம் பாதுகாப்பான பணி என்று பொய் சொல்லிவிட்டுச் சேராதீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். சேருவதற்கு முன், குறைந்த வெளிச்சத்தில், குளிர்ந்த கையில் இரத்தக் குழாயைத் தடவிக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.