தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். காலண்டரில் 46 வருகிறதே, ஏன்?

ஈஸ்டருக்கு முன் செபம், நோன்பு, தானம் என்று மனதைத் தயாரிக்கும் காலம்தான் தவக்காலம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். அதில் ஞாயிறு 6. ஒவ்வொரு ஞாயிறும் இயேசு உயிர்த்த நாளின் நினைவு என்பதால் அன்று நோன்பு கிடையாது; மிச்சம் 40, இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த அதே கணக்கு. வங்கியில் ‘5 வேலை நாளில் பணம் வரும்’ என்றால் இடையிலுள்ள ஞாயிறை நாம் எண்ணுகிறோமா?

புதுச்சேரியின் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகங்களில்) இந்தக் காலம் கண்ணுக்கே தெரியும். போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) வாங்கிய ஓலை, வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் காய்ந்து சுருண்டிருப்பது, கோயிலுக்குத் திரும்பிப் போகும். அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. வெள்ளிதோறும் இயேசுவின் பாடுகளை 14 நிலைகளில் நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதை.

‘ஞாயிறு கணக்கில் இல்லை, அதனால் அன்று தவக்காலமே இல்லை’ என்பது தவறு. தவக்காலம் முழுக்க விட்டுவிடும் ‘அல்லேலூயா’ என்ற மகிழ்ச்சிப் புகழ்ச்சியை ஞாயிறு திருப்பலியிலும் (பூசையிலும்) பாடுவதில்லை.