கடப்பா மேடையை உடைக்கும் முன்

வணக்கம் மேடம். திருமங்கலம் பக்கம் உங்கள் கல்லூரியில், நீளக் கடப்பாக் கல் மேடைகளை எல்லாம் எடுத்துவிட்டு மாணவர்கள் குழுவாக உட்காரும்படி இயற்பியல், வேதியியல் லேப் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள், பணமோ குறைவு என்று எழுதியிருந்தீர்கள்.

இயற்பியலை மட்டும் முதலில் தொடுங்கள். அங்கே தண்ணீர், கேஸ் தொல்லை கிடையாது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் பெய்க்னர் கொண்டுவந்த முறையில் 7 அடி வட்ட மேசையில் 9 பேர், மூன்று மூன்று பேராக மூன்று குழு. வட்டம்தான் வேண்டும் என்றில்லை. மூவர் முகம் பார்த்துப் பேச முடிந்தால் சாதாரண மேசையே போதும்.

எங்கள் லேபை மாற்றியபோது கரண்டில்தான் நாங்கள் ஏமாந்தோம். மேசையை நடுவில் போட்டுவிட்டு, சுவரிலிருந்து தரையில் ஒயர் இழுத்தோம். முதல் வாரமே ஒரு பையன் தடுக்கி விழுந்தான், கூடவே கரண்டைக் காட்டும் கால்வனோமீட்டரும். தரையை மூடுவதற்கு முன்பே ஒயருக்குப் பைப் பதித்து, மேசைக்கு நேரே பிளக் வையுங்கள்.

வேதியியலில் சிங்க், கேஸ் குழாய், புகை வெளியேற்றும் கூண்டு எல்லாம் சுவரோரமே இருக்கட்டும். நடுவில் எழுதவும் பேசவும் மேசை போட்டால் சரி. மைக்கா ஒட்டிய பிளைவுட்டை மட்டும் ஆசிட் பக்கம் விடாதீர்கள். உடைக்காமல் பெயர்த்தெடுத்தால் அந்தக் கடப்பாவே ஆசிட் படாத சுவரோர மேடைக்கு ஆகும்.

அப்புறம் சுவர் முழுக்க ஒயிட்போர்டு. புரொஜெக்டரைவிட இதற்குத்தான் முதலில் காசு ஒதுக்குவேன். லேபின் நீள அகலம் சொல்லுங்கள், படம் போட்டுப் பார்க்கலாம்.